கல்லாப்பெட்டி சொல்லும் பொய்



டிசம்பர் 31 இரவு கடைக்கதவை இறக்கியபின், ஆண்டு முழுவதும் வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்து, மிஞ்சிய தொகைக்கு 'இந்த ஆண்டு இலாபம்' என்று பெயர் சூட்டும் வழக்கம் நம் வணிகக் குடும்பங்களில் வேரோடிக் கிடக்கிறது. அந்தத் தொகை இலாபமன்று. சில ஆண்டுகளில் அது இலாபத்தைவிடக் கூடுதலாக இருக்கும். சில ஆண்டுகளில் குறைவாக இருக்கும். மிக மோசமான ஆண்டுகளில் நட்டத்தையே இலாபமென்று காட்டும். அந்தப் பொய்யை நம்பி வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்களும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கடை முதலிலிருந்தே எடுத்துக் கொடுத்தவர்களும் நம்மிடையே ஏராளம்.

இந்தப் பொய்யை மெய்யாக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஆண்டிறுதிச் சரிக்கட்டுப் பதிவுகள். 'அது கணக்கர் வேலை, நமக்கெதற்கு?' என்று கேட்பவர்களுக்காகவே இக்கட்டுரை. தமிழ்ப்பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று புருவம் நெறிக்கும் ஆசிரிய நண்பர்களுக்காகவும்தான்.

மஸ்ஜித் இந்தியா சொல்லும் பாடம்

கோலாலம்பூரில் தமிழர் வணிகம் என்றதும் நினைவுக்கு வரும் தெருக்களுள் முதன்மையானது மஸ்ஜித் இந்தியா. 1863-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரையே அத்தெரு தாங்கி நிற்கிறது. துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, பூக்கடை, உணவுக்கடை என அங்கே வாழ்க்கை நடத்தும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள்.

அத்தெரு அண்மைக் காலத்தில் இரண்டு பெரும் அடிகளை வாங்கியது. 2020 மார்ச் 18-இல் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரலில் மஸ்ஜித் இந்தியாவின் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் சந்தையே இல்லாமல் போனது. அதிலிருந்து தலைதூக்கிய வேளையில், 2024 ஆகஸ்டு 23 அன்று நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி அப்பள்ளத்தில் மறைந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அந்தத் துயரத்தின் முன் வணிகப் பேச்சு சிறியதுதான். ஆனால் சாலை அடைப்பும் அச்சமும் வாடிக்கையாளர்களை விரட்டியதும் உண்மை. அந்த ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 31. அதற்கென வாங்கி அடுக்கிய சரக்கோடு வணிகர்கள் திகைத்து நின்றார்கள். விற்பனை வீழ்ந்துவிட்டது என்று நாளேடுகளிடம் முறையிட்டார்கள்.

விற்பனை எவ்வளவு வீழ்ந்தது என்பதைப் பற்றுச்சீட்டுகளைக் கூட்டிச் சொல்லிவிடலாம். 'நட்டம் எவ்வளவு?' என்று கேட்டால் என்ன சொல்வது? விற்பனைச் சரிவு வேறு, நட்டம் வேறு. இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, கடையில் எஞ்சிய சரக்கை எண்ணியிருக்க வேண்டும். அச்சரக்கு இன்று என்ன விலை போகும் என்று மதித்திருக்க வேண்டும். கொடுக்காத பாக்கியையும் வராத கடனையும் ஏட்டில் ஏற்றியிருக்க வேண்டும். இவற்றைச் செய்யாதவர் வங்கியிடம் கடன் ஒத்திவைப்புக் கேட்கும்போதும், கட்டட உரிமையாளரிடம் வாடகைக் குறைப்புக் கேட்கும்போதும், கண்ணீரைத்தான் காட்ட முடியும். கணக்கைக் காட்ட முடியாது. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது வெறும் எதுகைக்காக அன்று.

ஒரு துணிக்கடையின் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு துணிக்கடையைக் கற்பனை செய்துகொள்வோம். தொகைகள் யாவும் ரிங்கிட்டில். ஆண்டு 2024 டிசம்பர் 31-இல் முடிகிறது. முதலாளியின் ஏட்டில் உள்ளவை இவை:

விற்பனை (ரொக்கமும் கடனும் சேர்த்து) 600,000
சரக்குக் கொள்முதல் 380,000
செலுத்திய வாடகை 104,000
செலுத்திய சம்பளம் 66,000
செலுத்திய காப்புறுதி 4,800
செலுத்திய மின்கட்டணம் 11,000

முதலாளி கூட்டிக் கழிக்கிறார்: 600,000-லிருந்து 565,800 போக, மீதி 34,200. 'பள்ளம் விழுந்த ஆண்டிலும் முப்பத்து நாலாயிரம் வெள்ளி இலாபம். ஆண்டவன் கைவிடவில்லை' என்று மனம் நிறைகிறார்.

இனி ஏட்டில் ஏறாத செய்திகளைப் பார்ப்போம்.

1. ஆண்டுத் தொடக்கத்தில் கடையில் 150,000-க்குச் சரக்கு இருந்தது. ஆண்டிறுதியில் எண்ணிப் பார்த்ததில் அடக்க விலைப்படி 110,000-தான் இருக்கிறது. அதிலும் 20,000 அடக்கமுள்ள துணிகள் வழக்கொழிந்துவிட்டன. 8,000-க்குமேல் விலை போகா. எனவே அவற்றின் மதிப்பில் 12,000-ஐக் குறைக்க வேண்டும். இறுதிச் சரக்கிருப்பு 98,000. பதிவு: இறுதிச் சரக்கிருப்புக் கணக்கு பற்று 98,000, வியாபாரக் கணக்கு வரவு 98,000.

2. மாத வாடகை 8,000. செலுத்தியதோ பதின்மூன்று மாத வாடகை. 2025 ஜனவரிக்கும் சேர்த்து. பதிவு: முன்கூட்டிச் செலுத்திய வாடகை பற்று 8,000, வாடகை வரவு 8,000.

3. டிசம்பர்ச் சம்பளம் 6,000 இன்னும் கொடுபடவில்லை. பதிவு: சம்பளம் பற்று 6,000; கொடுபட வேண்டிய சம்பளம் வரவு 6,000.

4. காப்புறுதி 2024 ஜூலை 1 முதல் ஓராண்டுக்கானது. பாதி அடுத்த ஆண்டுக்குரியது. பதிவு: முன்கூட்டிச் செலுத்திய காப்புறுதி பற்று 2,400, காப்புறுதி வரவு 2,400.

5. டிசம்பர் மின்கட்டணம் 1,000. பட்டியல் ஜனவரியில்தான் வரும். பதிவு: மின்கட்டணம் பற்று 1,000, கொடுபட வேண்டிய மின்கட்டணம் வரவு 1,000.

6. தை மாதத் திருமணங்களுக்காக வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம் 5,000 விற்பனையில் எழுதப்பட்டிருக்கிறது. புடவை இன்னும் கைமாறவில்லை. பதிவு: விற்பனை பற்று 5,000; முன்கூட்டிப் பெற்ற வருமானம் வரவு 5,000.

7. அடுக்குகள், குளிரூட்டி, கணினி ஆகியவற்றின் அடக்கம் 50,000. ஆண்டுக்குப் பத்து விழுக்காடு தேய்மானம். பதிவு: தேய்மானம் பற்று 5,000; திரண்ட தேய்மானம் வரவு 5,000.

8. தையற்கடைக்காரர்களும் வெளியூர்ச் சில்லறை வணிகர்களும் தரவேண்டிய பாக்கி 30,000. அதில் 4,000 இனி வராது. கடன் வாங்கியவர் கடையைக் காலி செய்துவிட்டார். பதிவு: வாராக்கடன் பற்று 4,000, கடனாளிகள் வரவு 4,000.

9. மீதமுள்ள 26,000-இல் ஐந்து விழுக்காடு வருமா என்பது ஐயம். பதிவு: இலாபநட்டக் கணக்கு பற்று 1,300; ஐயக்கடன் ஒதுக்கு வரவு 1,300.

இப்போது மீண்டும் கணக்கிடுவோம். விற்பனை 595,000. விற்ற சரக்கின் அடக்கம், தொடக்கச் சரக்கு 150,000 கூட்டல் கொள்முதல் 380,000 கழித்தல் இறுதிச் சரக்கு 98,000; ஆக 432,000. மொத்த இலாபம் 163,000. செலவுகளோ வாடகை 96,000, சம்பளம் 72,000, காப்புறுதி 2,400, மின்கட்டணம் 12,000, தேய்மானம் 5,000, வாராக்கடன் 4,000, ஐயக்கடன் ஒதுக்கு 1,300, ஆக 192,700.

முடிவு: 29,700 நட்டம்!

இலாபம் 34,200 என்று மகிழ்ந்தவர் உண்மையில் 29,700 இழந்திருக்கிறார். இரண்டுக்கும் இடைவெளி 63,900. இந்த இடைவெளியில் ஆகப் பெரிய பங்கு எங்கிருந்து வந்தது? சரக்கிருப்பிலிருந்து. அலமாரியில் 150,000 இருந்த இடத்தில் 98,000 இருக்கிறது. முதலாளி புதுச்சரக்குக் குறைவாக வாங்கினார். பழைய சரக்கை விற்றார். ஆகவே கையில் பணம் புரண்டது. அது இலாபமன்று, முதல் கரைந்து வந்த பணம். வீட்டுத் தூணைப் பெயர்த்து அடுப்பெரித்துவிட்டு, 'இந்த ஆண்டு விறகுச் செலவு மிச்சம்' என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இதே முறை வேறோர் ஆண்டில் எதிர்த்திசையிலும் பொய் சொல்லும். நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்திக்கொண்டு சரக்கு வாங்கிக் குவித்த ஆண்டில் கல்லாப்பெட்டி காலியாக இருக்கும். 'நட்டம்' என்று மனம் சோர்ந்து கடையை விற்கவும் துணிவார்கள். அலமாரியில் இருப்பதை எண்ணியிருந்தால் அது நல்ல ஆண்டு என்று தெரிந்திருக்கும்.

எண்ணுவதிலும் நெறி உண்டு

சரக்கை எண்ணுவது என்றால் விற்பனை விலைச் சீட்டைப் பார்த்துக் கூட்டுவதன்று. அப்படிச் செய்தால் இன்னும் விற்காத துணிக்கு இலாபம் எழுதிக்கொள்கிறோம். அடக்க விலை, விற்றால் செலவு போகக் கைக்கு வரக்கூடிய விலை, இவ்விரண்டில் எது குறைவோ அதுவே மதிப்பு. உலகக் கணக்கியல் நெறியும் 2016 ஜனவரி முதல் நம் நாட்டுத் தனியார் நிறுவனங்களுக்கு நடப்பிலுள்ள நெறியும் இதையே சொல்கின்றன. அடக்க விலை என்பது காஞ்சிபுரத்திலோ சூரத்திலோ கொடுத்த விலை மட்டுமன்று. கிள்ளான் துறைமுகம் வரை வந்த கப்பற்கூலி, சுங்கவரி, கடைவரை வந்த லாரிக்கூலி ஆகியனவும் அதில் அடங்கும்.

'விற்றால் பணம் கொடு, விற்காவிட்டால் திருப்பிக் கொடு' என்று மொத்த வணிகர் வைத்துச் சென்ற துணி நம் அலமாரியில் இருந்தாலும் நம் சரக்கன்று. டிசம்பர் 30-இல் வந்திறங்கிய மூட்டை நம்முடையதானால், அதன் விலைப்பட்டியல் ஜனவரியில் வந்தாலும், சரக்கையும் கடனையும் இந்த ஆண்டிலேயே எழுத வேண்டும். ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டால் கணக்கு திரிந்துவிடும். தங்கை மகள் திருமணத்துக்கு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த பத்துப் புடவைகளும் பதிவு கேட்கின்றன: எடுப்புக் கணக்கு பற்று, கொள்முதல் கணக்கு வரவு. 'நம் கடைதானே' என்று விட்டுவிட்டால், அப்புடவைகளின் அடக்கம் விற்ற சரக்கின் அடக்கத்தோடு கலந்துவிடும். பிறகு 'வேலையாள் திருடிவிட்டான்' என்ற பழியும் பிறக்கும். எழுதாத பதிவு ஓர் ஏழையின் பெயரைக் கெடுக்கிறது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

சொல்லப்படும் சாக்குகள்

முதற் சாக்கு: 'கணக்கரிடம் கொடுத்துவிட்டோம், அவர் பார்த்துக்கொள்வார்.' கணக்கர் எதைப் பார்ப்பார்? நீங்கள் கொடுத்த பையிலுள்ள சீட்டுகளைப் பார்ப்பார். உங்கள் அலமாரியின் மூன்றாம் தட்டில் பூஞ்சை பிடித்த வேட்டிக்கட்டு அவர் கண்ணுக்குத் தெரியுமா? யாருடைய பாக்கி வரும், யாருடையது வராது என்பது அவருக்குத் தெரியுமா? சரக்கிருப்பு எவ்வளவு என்று அவர் தொலைபேசியில் கேட்பார். 'போன ஆண்டு மாதிரியே போட்டுக்கொள்ளுங்கள்' என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில் ஓர் ஆண்டின் உழைப்பு பொய்யாகிவிடுகிறது. மஸ்ஜித் இந்தியாவின் சிறு கடைகளுள் பல 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்கீழ் தனியாள் உரிமையாகவோ கூட்டாண்மையாகவோ பதிவானவை. நிறுவனங்களைப் போல அவற்றுக்குக் கட்டாயத் தணிக்கை இல்லை. அதாவது, நீங்கள் எண்ணாவிட்டால் உங்களுக்காக எண்ணுபவர் எவருமில்லை.

இரண்டாம் சாக்கு: 'இப்போது எல்லாம் கணினிமயம், இயந்திரமே கணக்கு வைக்கிறது.' பட்டைக்குறியீட்டு இயந்திரம் விற்றதை அறியும். கிழிந்ததை, வெளுத்ததை, எலி கடித்ததை, களவு போனதை அது அறியாது. இயந்திரம் 113,000 என்கிறது. கையால் எண்ணினால் 110,000 இருக்கிறது என்று வையுங்கள். அந்த 3,000-ஐ விற்ற சரக்கின் அடக்கத்தில் பற்று வைத்து, சரக்கிருப்பில் வரவு வைக்க வேண்டும். இயந்திரம் வைத்திருப்பவரும் எண்ணித்தான் ஆக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 2024 ஆகஸ்டு முதல் படிப்படியாக நடப்புக்கு வந்துள்ள மின்விலைப்பட்டியல் முறையும் விற்பனையையும் கொள்முதலையும்தான் பதியும். தேய்மானத்தையும் ஐயக்கடனையும் அது உங்களுக்காகச் சிந்திக்காது.

மூன்றாம் சாக்கு: 'இதெல்லாம் வரிக்காகத்தானே!' இல்லை. வருமான வரி வாரியம் ஏடுகளையும் சீட்டுகளையும் ஏழாண்டு காத்து வைக்கச் சொல்கிறது என்பது உண்மையே. ஆனால் நாம் எழுதும் தேய்மானத்தை வரிக்கணக்கில் கழிக்க அது இசைவதில்லை. அதற்குப் பதில் முதலீட்டுப் படி என்ற வேறொரு கழிவு உண்டு. விழுக்காட்டுப்படி பொதுவாக ஒதுக்கும் ஐயக்கடனையும் அது ஏற்பதில்லை. இன்னாரிடமிருந்து இந்தத் தொகை வராது என்று காட்டினால்தான் ஏற்கும். இவ்வளவு வேறுபாடு இருந்தும் ஏன் எழுதுகிறோம்? வரி அதிகாரிக்காக அன்று. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பதற்காக.

இது நமக்கு அந்நியமா?

'கணக்கியல் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது' என்று பெருமூச்சு விடுவோர் உள்ளனர். 1494-இல் இத்தாலியரான பாச்சியோலி இரட்டைப்பதிவு முறையை நூலில் விளக்கி அச்சிட்டார் என்பது மெய். ஆனால் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய லெபோ அம்பாங்கில், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கிகளில் பெட்டியடியில் அமர்ந்து பேரேடு எழுதிய காலம் ஒன்றிருந்தது. அவர்கள் செய்தது சரக்கு வணிகமன்று, கொடுக்கல் வாங்கல். எனினும் அந்த ஒழுங்கைப் பாருங்கள். மேலாளாக வந்தவர் ஏறத்தாழ மூன்றாண்டு தவணை முடித்துச் செட்டிநாடு திரும்பும்போது, நடப்பு வட்டியையெல்லாம் ஏற்றி, வரவேண்டியதையும் கொடுக்கவேண்டியதையும் வகைப்படுத்தி, ஐந்தொகை முடித்துக் கொடுத்தாக வேண்டும். கைக்கு வராத வட்டியையும் வருமானமாக ஏற்றுவதும், தேறாத கடனைத் தேறாதது என்று பிரிப்பதும் சரிக்கட்டுப் பதிவன்றி வேறென்ன?

மஸ்ஜித் இந்தியாவின் தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு இது சமயக் கடமையுமாகும். வணிகச் சரக்குக்கு ஜக்காத் உண்டு. சந்திர ஆண்டு ஒன்று நிறைவுற்றதும், கைப்பணம், விற்பனைச் சரக்கு, வரக்கூடிய கடன் ஆகியவற்றிலிருந்து உடனடியாகக் கொடுக்கவேண்டியதைக் கழித்து, எஞ்சியது உரிய அளவை எட்டினால் இரண்டரை விழுக்காடு. அலமாரிக்கும் கட்டடத்துக்கும் ஜக்காத் இல்லை. விற்பனைச் சரக்குக்கு உண்டு. சரக்கை எண்ணி மதிக்காமல் இதை எங்ஙனம் கணக்கிடுவது? எண்ணாதவர் ஏழையின் பங்கைக் குறைத்துவிடலாம்.

இந்து வணிகரின் நிலை என்ன? சித்திரைப் புத்தாண்டில் ஏட்டின் முதற்பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டுப் புதுக்கணக்குத் தொடங்குகிறோம். அழகான மரபு, மறுப்பில்லை. பழைய கணக்கை முறையாக முடிக்காமல் புதுக்கணக்குக்கு மஞ்சள் தடவி என்ன பயன்? தொடக்க இருப்பே தவறாக இருக்கும் ஏட்டைப் பிள்ளையாரும் சரிசெய்ய மாட்டார். இந்த ஆண்டின் இறுதிச் சரக்கிருப்பே அடுத்த ஆண்டின் தொடக்கச் சரக்கிருப்பு. ஒரு பொய் இரண்டு ஆண்டுகளைக் கெடுக்கும்.

தமிழ்ப்பள்ளி என்ன செய்ய வேண்டும்?

இனி நம் வீட்டுக்கே வருவோம். இன்றைய ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் அடக்க விலை, விற்ற விலை, இலாபம், நட்டம், கழிவு, விலைப்பட்டியல், சொத்து, கடன் பொறுப்பு எல்லாம் இருக்கின்றன. பாடத்திட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆனால் வகுப்பறையில் நடப்பதென்ன? 'ஒரு பையை 20 ரிங்கிட்டுக்கு வாங்கி 25 ரிங்கிட்டுக்கு விற்றால் இலாபம் எவ்வளவு?' ஐந்து. அடுத்த கணக்கு. 'பத்துப் பைகள் வாங்கி ஆறுதான் விற்றால்?' என்ற கேள்வியைப் பலர் எழுப்புவதில்லை. 200 கொடுத்து வாங்கி 150 பெற்ற மாணவன், ஐம்பது நட்டம் என்பானா? விற்ற ஆறு பைகளின் அடக்கம் 120. எனவே முப்பது இலாபம், நான்கு பை இருப்பு 80 என்பானா? அந்த ஒரு கேள்வியில் சரக்கிருப்புச் சரிக்கட்டு முழுவதும் அடங்கியிருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்குப் புரியாத செய்தி இதில் எதுவுமில்லை.

'தமிழில் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? படிவம் நான்கில் கணக்கியற் கோட்பாடு மலாய்மொழியில்தானே!' என்பர் சிலர். இது பழைய பல்லவி. 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றியபோதும் இதையே பாடினார்கள்; அக்கொள்கை 2012 முதல் கைவிடப்பட்டது. கருத்து ஒருமுறை தாய்மொழியில் வேரூன்றினால், பெயரை மாற்றிக்கொள்ள ஒரு வாரம் போதும். பெலாராசான் என்றால் சரிக்கட்டு. சுசுட் நிலாய் என்றால் தேய்மானம். ஹுத்தாங் லாப்போக் என்றால் வாராக்கடன். கருத்தே இல்லாதவனுக்கு எம்மொழிச் சொல்லும் மனப்பாடச் சுமைதான்.

தமிழில் சொற்கள் இல்லை என்பதும் பொய். தமிழ்நாட்டில் மேனிலை வகுப்பு மாணவர்கள் கணக்குப்பதிவியலைத் தமிழ்வழியில் படிக்கிறார்கள். இலங்கையில் உயர்தர மாணவர்கள் கணக்கீட்டைத் தமிழிலேயே தேர்வெழுதுகிறார்கள். அங்கே இருப்பாய்வைப் பரீட்சை மீதி என்பார்கள்; கொடுபட வேண்டிய செலவை அட்டுறு செலவு என்பார்கள்; ஐந்தொகை என்ற நம் செட்டியார்களின் சொல் அங்கே பாடநூலிலேயே வாழ்கிறது. இரண்டு நாடுகளின் பாடநூல்களில் உயிரோடு இருக்கும் மொழியை 'வணிகத்துக்கு ஆகாது' என்று நாமே ஒதுக்கினால் பழி மொழியின் மேலதன்று.

இன்னொரு நோயையும் சொல்லியாக வேண்டும். இடைநிலைப்பள்ளியில் அறிவியல் பிரிவு கிடைக்காதவர்களுக்கான ஒதுக்கிடம்தான் கணக்கியல் என்று பெற்றோர் பலர் எண்ணுகிறார்கள். கடை வைத்து வாழும் குடும்பமே, தன் கடையைக் காக்கும் கல்வியை மட்டமாக நினைப்பது எவ்வளவு பெரிய முரண்! மருத்துவராகும் பிள்ளையும் நாளை மருந்தகம் நடத்துவான். அங்கும் காலாவதியாகும் மருந்து இருப்பில் உண்டு, வராத பாக்கி உண்டு, தேயும் கருவி உண்டு.

ஆகவே என் வேண்டுகோள் இவைதாம்:

ஆசிரியர்களே! பள்ளியில் சிற்றுண்டி நாள், தொழில்முனைவர் நாள் என்று மாணவர்கள் கடை விரிக்கும்போது, மாலையில் பெட்டியை மட்டும் எண்ணி 'இலாபம்' அறிவிக்காதீர்கள். மிஞ்சிய பொருளை எண்ணச் சொல்லுங்கள். இன்னும் கொடுக்காத எரிவாயுக் கூலியை எழுதச் சொல்லுங்கள். 'நாளை தருகிறேன்' என்று வாங்கிச் சென்றவரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலை; ஆயுளுக்கும் நிற்கும் பாடம்.

பெற்றோர்களே! 2026 முதல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. டிசம்பர் கடைசியில் பிள்ளைகள் விடுமுறையில் இருப்பார்கள். ஆண்டிறுதிச் சரக்கை எண்ணும் நாளில் அவர்களைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, முடிந்தபின் இருவரும் இடம் மாறிச் சரிபார்க்கட்டும். டிசம்பர்ச் சம்பளத்துக்குரிய ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் ஜனவரி 15-க்குள் கட்டப்பட்டாலும், அவை ஏன் டிசம்பரின் செலவு என்று விளக்குங்கள். தெரியாவிட்டால் கணக்கரைக் கேட்டு விளக்குங்கள். அவருக்கு நீங்கள் கொடுக்கும் கட்டணத்தில் அந்த விளக்கமும் அடக்கம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களே! ஆண்டுக்கூட்டத்தில் வரவு செலவு என்று ஒற்றைத் தாளை நீட்டி, 'வங்கியில் இவ்வளவு இருக்கிறது' என்று முடித்துவிடாதீர்கள். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எவ்வளவு, அடுத்த ஆண்டு விழாவுக்காக முன்கூட்டியே வாங்கிய நன்கொடை எவ்வளவு என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பெரியவர்கள் செய்து காட்டுவதே சிறப்பு.

சரிக்கட்டுப் பதிவு ஒவ்வொன்றும் ஒரு நேர்மைக் கேள்வி. உழைத்தவனுக்கு இன்னும் கொடுக்காததை ஒப்புக்கொள்கிறாயா? பொருள் தராமல் வாங்கிய பணத்தைக் கடன் என்று ஏற்கிறாயா? விலை போகாத சரக்கை விலை போகாதது என்று சொல்லும் துணிவு உண்டா? இக்கேள்விகளுக்கு ஆண்டுக்கொரு முறை விடை எழுதும் கடை, இன்னொரு பள்ளம் விழுந்தாலும் தான் எங்கே நிற்கிறது என்பதை அறிந்திருக்கும். எழுதாத கடை, நல்ல ஆண்டிலேயே கரைந்துகொண்டிருந்தாலும் அறியாது.

வருகின்ற டிசம்பர் 31 அன்று பெட்டியை எண்ணுவதற்கு முன் அலமாரியை எண்ணுங்கள்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியன்